கிளி ஸ்டாம்பின் புது விலை

குன்றவயல் போஸ்ட்மாஸ்டர் தாணுலிங்கத்துக்கு வயது ஐம்பத்துநாலு. அவருடைய குரு மரகதம்மைக்கு நாற்பதுகூட நிறையவில்லை. மேற்குச் சாலையில் தண்ணீர்ப் பந்தல் நடத்திவந்தார் அம்மை. ஏழு வருஷமாக, ஆபீஸ் திறக்குமுன் பந்தலுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவது தாணுலிங்கத்தின் வழக்கம். சில நாள் பதில் கிடைக்கும். பதில் இல்லாத நாளில் மோர் கிடைக்கும்.

அன்று சித்திரைப் பௌர்ணமி.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"பங்குனி கடைசி நாள் வரைக்கும் கிளி ஸ்டாம்பு செல்லுச்சு. மறுநாள் செல்லலை. அதே காகிதம், அதே கிளி. அதுல இருந்த மதிப்பு எங்கே போச்சு?"

அந்தச் சமஸ்தானத்தில் அப்போதுதான் காசுக் கணக்கு போய்ப் பைசாக் கணக்கு வந்திருந்தது. புதுத் தபால்தலைகள் அச்சாகி வரவில்லை. கையிருப்பில் இருந்த ஒன்பது காசுக் கிளித் தலைகளிலேயே பழைய விலையைக் கறுப்புக் கோட்டால் அடித்து, பக்கத்தில் 'ஆறு பைசா' என்று குத்திக்கொள்ளும்படி ஆபீசுக்கு ஒரு ரப்பர் முத்திரை வந்தது. ஜனங்கள் வீட்டில் வைத்திருக்கும் தலைகளையும் பங்குனி முடியுமுன் கொண்டுவந்து குத்திக்கொள்ள வேண்டும். சித்திரை பிறந்துவிட்டால், கறுப்பு மை படாத கிளி வெறும் காகிதம்.

அம்மை பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"மூணு நாளா சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கறீங்க. அதுல என்ன இருக்கு?"

தாணுலிங்கத்தின் கை அப்போதும் பையின் மேல்தான் இருந்தது. உள்ளே விட்டு ஒரு கடிதத்தை எடுத்தார். மூலையில் பச்சைக் கிளி. அதன்மேல் சிவப்பு மையில் 'தண்டம்' என்று அவருடைய கையெழுத்து. குறுக்கே வேறொரு கையெழுத்தில், 'பெறுநர் வாங்கவில்லை.'

"கல்குவாரியில வேலை பார்க்கற காத்தாயி போட்டது. அவ புருஷன் சன்னாசி கடற்கரை உப்பளத்துல இருக்கான். பங்குனி கடைசி நாள், நான் ஜன்னலைச் சாத்தின பிறகு பெட்டியில போட்டிருக்கா. மறுநாள் காலையில எடுத்தேன். புது விலை குத்தாத கிளி."

"முத்திரை?"

"மேஜை மேலேதான் இருந்தது. மத்தியானம் தலைமை ஆபீசுக்குத் திருப்பி அனுப்பணும். ஒரு குத்துக் குத்தியிருந்தா கிளி பறந்திருக்கும். தேதி தாண்டிக் குத்தினான்னு யாராவது எழுதிப் போட்டுட்டா? ஆறு மாசத்துல எனக்குப் பென்ஷன். கை வரலை. வாங்கறவன் பன்னிரண்டு பைசா கட்டணும்னு தண்டம் எழுதி அனுப்பிட்டேன். திரும்பி வந்துருச்சு."

"அவகிட்டே குடுக்கலையா?"

தாணுலிங்கத்தின் குரல் தாழ்ந்தது. "தினம் வந்து கேட்கறா. 'எனக்குக் கடுதாசி உண்டா சாமி'ன்னு. இல்லைங்கறேன். மூணு நாளா அப்படித்தான் சொல்றேன். கடுதாசி பையில இருக்கு."

"இன்னிக்கு எப்ப வருவா?"

"பத்து மணிக்கு."

அம்மை குடத்தை இறக்கிவைத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "வாங்க, போவோம்."

பத்து மணிக்குக் காத்தாயி வந்தாள். இடுப்பில் ஒரு வயசுப் பெண் குழந்தை. முழங்கை வரை கல்தூசி. அம்மை சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் கடுதாசி உண்டா சாமி?"

தாணுலிங்கம் கடிதத்தை ஜன்னல் வழியே நீட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கிளியைத் தெரிந்தது, மடித்த விதத்தைத் தெரிந்தது. இது அவள் சொல்லி எழுதவைத்த கடிதம். ஒட்டு பிரிக்கப்படவேயில்லை.

"வேண்டாம்னுட்டாரா?"

"இல்லைம்மா. தப்பு என்னுது. நான் தண்டம் போட்டுட்டேன். அவர்கிட்டே சில்லறை இருந்திருக்காது..."

"இது என்னிக்கு வந்துச்சு?"

"மூணு நாளாச்சு."

காத்தாயி அவரையே பார்த்தாள். "மூணு நாளா இல்லைன்னீங்க. இன்னிக்கு இருக்குங்கறீங்க. அவர் வேண்டாம்னு சொல்லலைன்னும் சொல்றீங்க. எதை சாமி நம்ப?"

குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு உச்சிக்குள்ளே குவாரி ஜனமெல்லாம் வடக்கே கிளம்புது. நானும் போறேன்" என்றாள். கடிதத்தை ஜன்னல் பலகையில் அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தாணுலிங்கம் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "அம்மா, இப்ப என்ன செய்யறது?"

"கடுதாசி யாருக்கு எழுதினது?"

"சன்னாசிக்கு."

"அவர் கைக்குப் போச்சா?"

"இல்லை."

"அப்ப இது இன்னும் தபால்தான்."

"தபால் ரன்னர் நாளன்னிக்குத்தான் வருவான்."

அம்மை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா? பதினாறு மைல் அம்மா. ஆபீசை என்ன செய்ய?"

"பூட்டுங்க."

"இன்ஸ்பெக்டர் வந்துட்டா?"

"பூட்டியிருக்குன்னு தெரிஞ்சுக்குவார்."

தாணுலிங்கம் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். பத்தடி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு நடந்தார்.

சாலையில் நிழல் இல்லை. முதல் நாலு மைல் வரை பென்ஷனை நினைத்துக்கொண்டே போனார். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூட ஜன்னல் சாத்திக் கிடந்ததில்லை. ஆற்றுப்பாலம் தாண்டிய பிறகு பென்ஷன் மறந்துபோயிற்று. 'எதை சாமி நம்ப' என்பது மட்டும் கூடவே வந்தது. சன்னாசி உப்பளத்தில் இல்லாமல் வேறெங்காவது போயிருந்தால்? நிஜமாகவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தால்? அப்படி நினைத்ததும் அவருக்கு ஒரு கணம் மனசு லேசாயிற்று, தப்பு தன்னுடையது இல்லை என்று ஆகுமே என்று. அடுத்த கணம் அந்த நினைப்பைக் கண்டு அவருக்கே கூசியது. நடையை எட்டிப் போட்டார்.

உப்பளத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பாத்திகளுக்கு நடுவே குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவனைக் காட்டினார்கள். முப்பது வயசு இருக்கும். பாதங்கள் கணுக்கால் வரை உப்புத்தண்ணீரில் வெந்து வெளுத்திருந்தன.

"சன்னாசியா?"

"ஆமாங்க."

தாணுலிங்கம் கடிதத்தை நீட்டினார். சன்னாசி அதைப் பார்த்ததும் கையிலிருந்த பலகையைக் கீழே போட்டான். கையை வேட்டியில் துடைத்தான். ஈரம் போகவில்லை என்று மறுபடியும் துடைத்தான்.

"இதான். இதேதான். தபால்காரர் பன்னிரண்டு பைசா கேட்டாருங்க. எங்களுக்கு இன்னும் புதுக் காசு கைக்கு வரலை. பழைய காசை நீட்டினேன், செல்லாதுன்னுட்டார். கூலி வர்ற வரைக்கும் வச்சிருங்கன்னேன். மறுநாள் ஓடிப்போய்க் கேட்டா திருப்பி அனுப்பியாச்சுங்கறார். மேல இருந்த கிளியைத்தான் பார்த்தேன். உள்ளே என்னன்னு தெரியாம சோறு இறங்கலை." பையைத் தடவினான். "இப்பவும் பழைய காசுதாங்க இருக்கு."

"காசு வேண்டாம். பிரி."

"நீங்களே படிச்சுருங்க. எனக்குத் தெரியாது."

வரப்பில் நின்றபடி தாணுலிங்கம் படித்தார். குவாரிக் கணக்குப்பிள்ளை எழுதிக்கொடுத்த நாலே வரி.

'பாப்பா நடக்குது. குவாரியை மூடறாங்க. பௌர்ணமிக்கு மறுநாள் கங்காணி எல்லாரையும் வடக்கே கூட்டிப் போறான். நீ இருன்னு சொன்னா இருப்பேன். ஒண்ணும் சொல்லலைன்னா போயிருவேன்.'

சன்னாசி நிமிர்ந்து பார்த்தான். "பௌர்ணமி என்னிக்குங்க?"

"இன்னிக்கு. நாளைக்கு உச்சிக்குள்ளே கிளம்பறாங்க."

அந்தி சாயும்போது குன்றவயலுக்கு உப்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று புறப்பட்டது. மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டார்கள். வழியெல்லாம் சன்னாசி வண்டிக்காரனிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தான்: "உச்சிக்குள்ளே போயிருவோமில்ல?" வண்டிக்காரன் ஒவ்வொரு தடவையும் "போயிரலாம்" என்றான். ஆறாவது தடவை பதில் சொல்லவில்லை.

காலையில் வண்டி குவாரிப் பக்கம் திரும்பியபோது, குடிசைகள் திறந்து கிடந்தன. அடுப்புகளில் புகை இல்லை. ஒரு நாய் மட்டும் நின்றது.

"வெயிலுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க" என்றான் ஆடு மேய்க்கிறவன் ஒருவன். "இப்பத்தான். சுங்கச்சாவடி தாண்டியிருக்க மாட்டாங்க."

சன்னாசி குதித்து ஓடினான். தாணுலிங்கமும் இறங்கி ஓடப் பார்த்தார். இருபதடியில் மூச்சு வாங்கிவிட்டது. மேட்டில் ஏறி, நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். சாலை நெடுகப் புழுதி. புழுதிக்குள்ளே வரிசையாக ஏழெட்டு வண்டிகள். சன்னாசி சின்னதாகத் தெரிந்தான். கையை வீசிக் கத்திக்கொண்டே ஓடினான். சத்தம் இங்கே கேட்கவில்லை. வண்டிகள் போய்க்கொண்டேயிருந்தன.

கடைசி வண்டி நின்றது.

ஒரு பெண் இறங்கினாள். குழந்தையைக் கீழே விட்டாள். குழந்தை தானாக நாலு எட்டு வைத்தது.

தாணுலிங்கம் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார்.

பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது அம்மை வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். இவருக்கும் ஒரு செம்பு கொடுத்தார். குடித்து முடித்ததும் தாணுலிங்கத்துக்குப் பழைய பயம் மெல்லத் தலைகாட்டியது.

"இன்ஸ்பெக்டர் வந்தாரா அம்மா?"

"வந்தார். பூட்டைப் பார்த்தார். இன்னிக்கு மறுபடி வர்றேன்னு சொல்லிட்டுப் போனார்."

"தண்டத் தபாலுக்குத் தனிப் படிவம் இருக்கு. நிரப்பித் தரணும். கடுதாசி என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கும்."

"போய்ச் சேர்ந்ததுன்னு எழுதுங்க."

"கொண்டுபோனது யாருன்னு கேட்டிருக்கும்."

"உங்க பேரை எழுதுங்க."

எழுதினால் பென்ஷன் போனாலும் போகும். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு தலையாட்டினார்.

"ஸ்டாம்போட விலைன்னு கடைசியில ஒரு கட்டம் இருக்கு அம்மா. ஒன்பது காசுன்னு எழுத முடியாது, அது செல்லாது. ஆறு பைசான்னும் எழுத முடியாது, நான் குத்தலை. அதுல என்னத்தை எழுத?"

அம்மை குனிந்து அவருடைய பாதங்களைப் பார்த்தார்.

"செருப்பு எங்கே?"

"ஆத்துப்பாலத்துக்கிட்டே அறுந்துபோச்சு. விட்டுட்டு நடந்துட்டேன்."

"அதை எழுதுங்க."