நீர்மூழ்கிக்கு ஒரு பொட்டு

முன்னொரு காலத்தில், அலைகளையே மதிலாகக் கொண்ட ஒரு சிறிய நாட்டை ஆண்ட மன்னருக்கு, யாருக்கும் தலைவணங்காதவர் என்று பெயரெடுக்கும் ஆசை வந்தது. அக்கரைப் பேரரசரிடமிருந்து ஒரு நீர்மூழ்கிக் கப்பலை வாங்கினார். அதிலிருந்த நெருப்புக் குடம் ஒன்று வெடித்தால் ஒரு நகரமே சாம்பலாகும். குடங்களின் சாவி மட்டும் பேரரசரின் தூதர் கழுத்தில் தொங்கியது.

"இனி நாம் யாருக்கும் அடங்கியவர் அல்லர்!" என்றார் மன்னர்.

"சாவியையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே, மகாராஜா" என்றார் விகடகவி திருமேனியார்.

கப்பலைப் பேரம் பேசி முடித்த தளவாய் வில்லவராயருக்குச் சுருக்கென்றது. பழிவாங்க வாகாக ஆயுத பூஜையும் வந்தது. அரசரின் ஆயுதம் ஒவ்வொன்றுக்கும் அன்று பொட்டு வைத்தாக வேண்டும். பொட்டு வைக்காத ஆயுதம் அரசருடையது ஆகாது. அது அந்நாட்டு வழக்கம்.

"கப்பல் ஆழ்கடலில் ஒளிந்திருக்கிறது, மகாராஜா. மேலே வந்தால் பகைவர் கண்ணில் படும். திருமேனிதான் பெரிய புத்திசாலி ஆயிற்றே, அவரே பொட்டு வைக்கட்டும். முடியாவிட்டால் அந்தப் பரம்பரைத் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு நாட்டைவிட்டுப் போகட்டும்!" என்றார் தளவாய்.

"நல்ல யோசனை. அந்தி சாய்வதற்குள் என் ஆயுதத்துக்குப் பொட்டு வை, திருமேனி!" என்றார் மன்னர்.

திருமேனியார் தலைப்பாகையை ஒருமுறை தொட்டுக்கொண்டார். பாட்டன் பூட்டன் காலம்முதல் எந்தச் சபையிலும் குனியாத தலைப்பாகை அது. அந்தப் பெருமை தம்மோடு போய்விடக் கூடாது.

சந்தனக் கிண்ணத்தோடு பூஜை மண்டபத்துக்குள் நுழைந்தவர், வாளையும் வேலையும் கடந்து, விருந்தாளியாக அமர்ந்திருந்த தூதரிடம் நேரே போனார். நெற்றி நிறையச் சந்தனம், அதன்மேல் குங்குமம், கழுத்தில் மாலை, இரண்டு காலடியிலும் எலுமிச்சம்பழம்.

"ஐயையோ, இது என்ன கோலம்?" என்று பதறினார் தூதர்.

"அசையாதீர்கள், ஐயா. பூஜையில் வைத்த ஆயுதம் அசையலாமா?" என்றபடி ஒரு பூசணிக்காயைச் சுற்றிப் போட்டு உடைத்தார். தெறித்த விதைகள் தளவாயின் மீசையில் ஒட்டிக்கொண்டன.

"திருமேனி! ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கச் சொன்னேன், விருந்தாளிக்கா?"

"ஆயுதத்துக்குத்தான் வைத்தேன், மகாராஜா. இவர் தலை அசைந்தால்தான் குடம் வெடிக்கும். நம்பிக்கை இல்லையா? ஆளில்லாத கடலில் ஒன்றை வெடிக்கக் கட்டளையிடுங்கள். வெடித்தால் தலைப்பாகையை நானே கழற்றுகிறேன்."

மன்னர் எழுந்து நின்று கட்டளையிட்டார். தளவாயோ மன்னரைப் பார்க்கவில்லை, தூதரைப் பார்த்தார்.

தூதர் மூக்கில் வழிந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கள் பேரரசரைக் கேட்க வேண்டும். மழைக்காலம் கழித்துப் பதில் வரும்" என்றார்.

மன்னரின் முகம் சிவந்தது. பிறகு உதடு துடித்தது. கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"தளவாயே, கப்பலும் சாவியும் வந்த வழியே போகட்டும். நம் கொல்லர் அடித்த வேல் எனக்குப் போதும். அது என் கை சொல்வதைக் கேட்கும். முதலில் அந்தப் பூசணிக்காயைக் கூட்டி அள்ளும்!"

பிறகு தம் முத்துமாலையைக் கழற்றித் தலைப்பாகையில் சுற்ற வந்தார். திருமேனியார் நெடிய மனிதர், நிமிர்ந்தே நின்றார். மன்னர் சிரித்துக்கொண்டே குதிகாலை உயர்த்தி, எட்டிச் சுற்றிவிட்டார்.