பதினாறடி மனை

அரசர்களுக்குத் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டிவைக்கும் ஆசை இன்னும் வராத காலம். அந்தக் காலத்தில் ஆற்றை ஒட்டி நீர்முள்ளியூர் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் வீடு வகுத்துக் கொடுக்கும் தச்சர் ஒருவர் இருந்தார். பெயர் ஆதன். சிறியவர்களும் பெரியவர்களுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், கேளுங்கள், இது அவருடைய கதை.

நீர்முள்ளியூரில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்கால் தோண்டும் முன் மனையில் சுண்ணாம்புப் பொடியால் வீட்டைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். இது சுவர், இது வாசல், இது அடுப்பு என்று. பிறகு அந்தக் குடும்பம் பொழுது விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஒரு நாள் முழுதும் அந்தக் கோடுகளுக்குள் வாழ வேண்டும். சமைக்க வேண்டும், உண்ண வேண்டும், அன்றாடத் தொழிலையும் அங்கேயே செய்ய வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்தில் ஊர்த்தலைவர் வருவார். எல்லோரும் பாதத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒரு பாதத்தில் வெள்ளை ஒட்டியிருந்தாலும் யாரோ சுவரில் நடந்திருக்கிறார் என்று பொருள். அந்த வீடு விழுந்தது என்பார்கள். பாதம் யாருடையது என்று பார்ப்பதில்லை. இதற்குக் கோட்டு நாள் என்று பெயர்.

ஒரு மனைக்கு மூன்று கோட்டு நாள் தருவார்கள். மூன்றிலும் விழுந்தால் அது குடியிருக்கும் இடமே இல்லை என்று சொல்லிப் பக்கத்து மனைக்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஆதன் நாற்பது வீடுகள் வகுத்தவர். நாற்பதும் முதல் நாளிலேயே நின்றன. ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. பாயில் சாய்ந்ததும் அந்த நாற்பது வீடுகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். எண்ணி முடித்ததும் நெஞ்சு நிறைய வேண்டும். நிறைவதில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவரைத் தேடி ஒருநாள் கயிறு திரிக்கும் சேந்தன் வந்தான். ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தவன். போன மழையில் வெள்ளம் குடிசைக்குள் இடுப்பளவு வந்து, அவனுடைய கைக்குழந்தையைத் தொட்டிலோடு தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. இன்னொரு மழையை அங்கே கழிக்க முடியாது. ஊருக்குள் அவனுக்கு இருந்தது ஒரே ஒரு மனை. அகலம் பதினாறடி. நீளம் தொண்ணூறடி. ஒரு பக்கம் கோயில் நந்தவனத்து மதில், மறுபக்கம் எண்ணெய் வணிகர் நாகனாரின் சுவர். நாகனார் அந்த இடத்தில் தம் வண்டிகளை நிறுத்த நெடுநாளாக எண்ணியிருந்தார்.

அதில் குடியிருக்க வேண்டியவர்கள் சேந்தன், அவன் மனைவி வெண்ணி, இரண்டு பெண்பிள்ளைகள், கைக்குழந்தை, பிறகு சேந்தனின் அக்காள் நாச்சி. நாச்சி கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள்.

ஆதன் மனையைப் போய்ப் பார்த்தார். இதுவரை அவர் வகுத்தவை எல்லாம் அகன்ற மனைகள். நடுவில் முற்றம், நாற்புறமும் கூடம், பின்னால் அடுக்களை. அதே வீட்டை எடுத்துப் பதினாறடிக்குள் சுருக்கினார். முற்றத்தைச் சுருக்கினார், கூடத்தைச் சுருக்கினார், வாசலையும் சுருக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் கோட்டு நாள் வந்தது. ஊரே வேடிக்கை பார்க்க வந்து நின்றது. வெண்ணி உலை வைத்தாள். பிள்ளைகள் விளையாடினார்கள். சேந்தன் நாரை இடுப்பில் கட்டிக்கொண்டு தொழிலைத் தொடங்கினான்.

கயிறு திரிப்பவன் எப்படி நடப்பான் தெரியுமா? பின்னால் நடப்பான். கண் கயிற்றில் இருக்கும், கால் பின்னோக்கிப் போகும். சேந்தன் அப்படியே நடந்து கூடத்துச் சுவரைத் தாண்டினான், முற்றத்துச் சுவரைத் தாண்டினான், அடுக்களைச் சுவரையும் தாண்டி உலைப்பானையில் முட்டித்தான் நின்றான்.

கூட்டத்தில் ஒருவர், சேந்தன் வீட்டுக்குக் கதவே தேவையில்லை, ஒரு செலவு மிச்சம் என்றார். நாகனார் விழுந்து விழுந்து சிரித்தார். மாலையில் சேந்தன் பாதத்தைத் தூக்கினான். கணுக்கால் வரை வெள்ளை. வீடு விழுந்தது.

ஆதன் அன்று சாப்பிடவில்லை. நாற்பது வீடு வகுத்தவன், கயிறு திரிப்பவனுக்குக் கயிறு திரிக்க இடம் வேண்டும் என்பதை எப்படி மறந்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். மறுநாள் குடிசைக்குப் போய் ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டார். சேந்தன் கயிற்றைப் பற்றி ஒரு நாழிகை பேசினான். வெண்ணி அடுப்புப் புகையைப் பற்றி இரண்டு நாழிகை பேசினாள். பிள்ளைகள் ஊஞ்சல் கேட்டார்கள்.

நாச்சி ஊறிய நாரை அடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன தச்சரே," என்றாள். "ஒன்றும் வேண்டாம். ஒரு மூலை கிடைத்தால் போதும்."

ஆதனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பதினாறடிக்குள் இடம் தேடுகிறவருக்கு ஒருவர் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் ஆறுதலாக இருக்காதா?

இரண்டாவது முறை வேறு மாதிரி வகுத்தார். நந்தவனத்து மதிலை ஒட்டிக் கயிற்றுக்கென்று நீளமாக ஒரு சந்து. தொழில் வேறு, குடும்பம் வேறு என்று சந்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். மிஞ்சிய அகலத்தில் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக. முன்கட்டு, அடுத்தது அடுக்களை, அடுத்தது சேந்தனும் வெண்ணியும் படுக்கும் அறை, கடைசியில் நெற்குதிர், குதிருக்குப் பக்கத்தில் நாச்சிக்கு ஒரு மூலை.

இரண்டாவது கோட்டு நாளில் கூட்டம் இன்னும் அதிகம். சேந்தன் சந்தில் பின்னால் நடந்தான், ஒரு கோட்டையும் தொடவில்லை. வெண்ணி சமைத்தாள், தொடவில்லை. பிள்ளைகளைக்கூட ஆதன் பலமுறை எச்சரித்திருந்தார், அவர்களும் தொடவில்லை. நாகனார் நிழல் தேடி நாலு இடம் மாறி உட்கார்ந்து காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரம் ஊர்த்தலைவர் வந்தார். சேந்தன் பாதத்தைத் தூக்கினான். செம்மண்தான், வெள்ளை இல்லை. வெண்ணி தூக்கினாள். செம்மண்தான். பிள்ளைகள் தூக்கினார்கள். செம்மண்ணும் சாணியும். கடைசியில் தலைவர் குதிர் மூலைக்குப் போனார். நாச்சி உட்கார்ந்தபடியே காலை நீட்டினாள். வெள்ளை இல்லை.

வீடு நின்றது என்று தலைவர் சொல்ல வாயெடுத்தார். கூட்டம் ஆரவாரத்துக்குத் தயாரானது.

ஆதன் மட்டும் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வெள்ளை இல்லை. செம்மண்ணும் இல்லை. காலையில் கழுவின கால், கழுவினபடியே காய்ந்திருந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு, வைத்தது வைத்தபடி நிறைந்திருந்தது.

அவருக்கு மெல்லப் புரிந்தது. அந்த மூலையிலிருந்து வெளியே வர வேண்டுமானால் தம்பியும் தம்பி மனைவியும் படுக்கும் அறையைக் கடந்துதான் வர வேண்டும். எந்த நாத்தனார் கடப்பாள்? அதனால் விடிந்தது முதல் அவள் அசையவில்லை. எழ வேண்டி வந்துவிடும் என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தம்பிக்கு வீடு வேண்டும், அதற்காக ஒரு பகல் முழுக்கக் குதிரோடு குதிராக இருந்துவிட்டாள்.

இதைப் பார்த்தவர் ஆதன் ஒருவர்தான். பேசாமல் இருந்தால் வீடு நிற்கும். நாற்பத்தொன்றாவது வீடு. மழைக்கு இன்னும் ஒரு மாதமே இருந்தது. விழுந்தால் மிச்சம் ஒரே ஒரு நாள், அதுவும் தவறினால் மனை நாகனாருக்கு, இந்தக் குழந்தைகள் ஆற்றுக்கு. நின்றுவிட்ட வீட்டை விழ வைக்க நான் யார் என்று எண்ணினார். ஒரு நாள் உட்கார்ந்தவளை ஆயுள் முழுக்க உட்கார வைக்க நான் யார் என்றும் எண்ணினார். இரண்டில் எது நியாயம், எது தன் அகந்தை என்று அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. தெரியாமலேதான் காலைத் தூக்கிப் படுக்கையறைச் சுவரின் மேல் வைத்தார். வைத்து அழுத்தினார். பிறகு பாதத்தைத் தலைவரிடம் காட்டினார்.

வெள்ளை.

"உமக்குப் பித்துப் பிடித்ததா தச்சரே?" என்றான் சேந்தன். காரணத்தைச் சொன்னால் பழி நாச்சியின் மேல் விழும் என்று ஆதன் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நாகனார் மட்டும் தச்சரை மனதார வாழ்த்திவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தார். மனைவி மங்கை கஞ்சி ஊற்றினாள். கிண்ணத்தைத் தொடாமல் கேட்டார்.

"நம் வீட்டுக் கோட்டு நாள் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?"

"அடுப்பு முன்னால்."

"எப்போது எழுந்தாய்?"

மங்கை கொஞ்சம் யோசித்தாள். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள்.

"நீங்கள் ஜெயித்த பிறகு."

ஆதன் கஞ்சியைக் குடித்தார். அதற்கு மேல் அவளிடம் கேட்கும் துணிவு அவருக்கு இல்லை. நாற்பது வீடுகளில் எத்தனை பேர் எந்தெந்த மூலையில் உட்கார்ந்திருந்தார்களோ, அவர்கள்மேல் நின்ற பெயர் இது என்று மட்டும் நினைத்தார்.

மறுநாள் விடியும்போது ஆற்றங்கரைக் குடிசை வாசலில் நின்றார். சேந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆதன் நாச்சியிடம் போனார். என்ன வேண்டும் என்று இந்த முறை கேட்கவில்லை. முளைக்குச்சிகளை மடியில் கட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார். அவள் தண்ணீருக்குப் போனால் அங்கே போனார், நின்ற இடத்தில் ஒரு குச்சி நட்டார். நார் ஊறும் குழிக்குப் போனால் அங்கே ஒரு குச்சி. குழந்தையின் தொட்டிலுக்குப் போனால் அங்கே ஒரு குச்சி.

"ஊரில் வேறு வேலை இல்லையா தச்சரே?" என்றாள் நாச்சி. "கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே வருகிறீர். நான் பால் கறக்கிறவள் இல்லை."

"நடங்கள் அம்மா," என்றார் ஆதன். "நீங்கள் நடந்தால்தான் எனக்கு வேலை."

நடுப்பகலுக்குள் குச்சிகள் தீர்ந்துவிட்டன. அந்த வீட்டில் எல்லோரையும்விட அதிகம் நடக்கிறவள் அவள்தான். வாசலுக்கும் தண்ணீருக்கும், அடுப்புக்கும் நாருக்கும், குழந்தைக்கும் கயிற்றுக்கும் நாள் முழுக்க நடந்தாள். சேந்தன் பின்னால் நடக்கும்போது கயிற்றின் மறுமுனையைப் பிடித்துத் திருகுகிறவளும் அவள்தான். இரண்டாவது கோட்டு நாளில் அந்த முனையை ஒரு முளையில் கட்டியிருந்ததை ஆதன் கவனித்திருந்தார், ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாவது முறை அவர் அதிகம் கோடு போடவில்லை. தொழிலையும் குடும்பத்தையும் பிரித்த சுவரை எடுத்தார். மதிலோரம் ஐந்தடி அகலத்துக்கு வாசலிலிருந்து கொல்லைக் கிணறு வரை கூரையில்லாமல் விட்டார். வெளிச்சமும் மழையும் அதில் விழும், கயிறும் அதில் ஓடும், நடப்பவர்களும் அதில் நடப்பார்கள். முற்றம் என்று தனியாக ஒன்று இல்லை. அறைகள் எல்லாம் மறுபக்கம் வரிசையாக. எல்லா அறைக்கும் வாசல் அந்த நடையைப் பார்த்தே. ஓர் அறைக்குப் போக இன்னோர் அறையைக் கடக்க வேண்டாம். நாச்சிக்கு மூலை இல்லை, அடுக்களைக்கும் நார் அறைக்கும் நடுவில் தனி அறை, தனிக் கதவு.

மூன்றாவது கோட்டு நாளில் நாகனார் காலையிலேயே தலைவரிடம் முறையிட்டார். இது வீடா, ஓரத்தில் நாலு பெட்டி வைத்த தெரு என்றார். மேலே மூடாத இடத்தில் கயிறு நனையாதா என்றார். மழை பெய்தால் நாரை ஊற வைக்கத் தண்ணீர் மிச்சம் என்று வெண்ணி உள்ளிருந்தே சொன்னாள். தலைவர், பொழுது சாயட்டும், பாதம் சொல்லும் என்றார்.

பொழுது சாய்ந்தது. சேந்தன் பாதத்தைத் தூக்கினான். செம்மண். வெண்ணி தூக்கினாள். செம்மண். பிள்ளைகள் இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி விழுந்தார்கள். செம்மண். தலைவர் நாச்சியின் அறைக்குப் போனார். ஆள் இல்லை.

தலைவர் கூப்பிட்டார். பதில் இல்லை. சேந்தன் கூப்பிட்டான். பதில் இல்லை. வெண்ணி கையை வாயருகே குவித்து, "அண்ணீ, ஊரே காத்துக்கொண்டிருக்கிறது," என்று கத்தினாள். தொண்ணூறடிக்கு அப்பால் கொல்லையிலிருந்து குரல் வந்தது.

"நிற்கச் சொல். கால் கழுவிக்கொண்டு வருகிறேன்."

"கழுவாமல் வரச் சொல்லுங்கள்," என்றார் ஆதன்.

அவள் வந்தாள். வழியில் தொட்டிலை ஒரு முறை ஆட்டிவிட்டு, கயிற்றின் தளர்ந்த முனையை முடிந்துவிட்டு, அவசரமில்லாமல் வந்தாள். தலைவரும் நாகனாரும் கூட்டமும் அவளுக்காக நின்றார்கள். அந்த நேரம் முழுதும் ஆதன் தன் நாற்பத்தொன்றாவது வீடு நிற்குமா விழுமா என்று நினைக்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு கோட்டு நாளில் அவர் அதை மறந்தது அப்போதுதான்.

நாச்சி சுவரில் ஒரு கையை ஊன்றப் போய், அது சுவர் இல்லை, கோடுதான் என்று நினைவு வந்து, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் தூக்கினாள். குதிகால் முதல் விரல் நுனி வரை செம்மண் அப்பியிருந்தது. தலைவர் இரண்டு பாதங்களையும் பார்த்தார். வீடு நின்றது என்றார். மழை வரும் முன் சுவரும் எழுந்தது.

ஆகவே கேட்டுக்கொண்டிருப்பவர்களே, யார் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்கிறாரோ, அவருக்கு என்ன வேண்டும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.