சூளையில் வெடித்த கோப்பை

விழுப்புரத்தில் வெளியூர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் தணிகாசலம். பக்கவாதம் வந்து அவருடைய வலது கை வலுவிழந்தது. விரல்களுக்குப் பயிற்சியாக, மறுவாழ்வு மையத்தில் மண்பாண்டச் சக்கரத்தின் முன் உட்கார வைத்தார்கள். கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா.

பல மாதம் அவர் கையில் மண் சரிந்து விழுந்தது. ஒரு நாள் சரியாமல் நின்றது. டீ குடிக்கிற அளவில் ஒரு சின்னக் கோப்பை. அடி தடிமன், வாய் கோணல். மனைவி வேதவல்லியிடம், "இனிமே எனக்கு இதுலதான் டீ" என்றார்.

ஜெசிந்தா அதைச் சரியாகக் காயவிடாமல் சூளையில் வைத்துவிட்டாள். அடியில் தங்கியிருந்த ஈரம் சூடேறியதும் கோப்பை வெடித்துப்போனது. அன்று மையத்துக்கு வந்த வேதவல்லி துண்டுகளைப் பார்த்துவிட்டாள்.

"சார்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. மனசு விட்டுட்டா மறுபடி சக்கரத்துகிட்டயே வரமாட்டாரு. அதே மாதிரி நானே ஒண்ணு செஞ்சு வச்சிடறேன்."

சொல்லமாட்டேன் என்று வேதவல்லி வாக்குக் கொடுத்தாள்.

ஜெசிந்தா வேண்டுமென்றே கோணலாகத்தான் செய்தாள். ஆனாலும் பழகிய கை. கோப்பை மெல்லியதாக, லேசாக வந்துவிட்டது. சுட்டால் இப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டார் தணிகாசலம். தெருவெல்லாம் காட்டினார். பயிற்சிக்குப் போவதை நிறுத்தினார்.

"கை பழையபடி ஆயிடுச்சு வேதா. ஸ்கூல் வேன் ஓட்ட ஆள் கேட்டாங்க. திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன்."

வேதவல்லி அந்தக் கோப்பையில் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டீ ஆறிப்போனது. பிறகு அவர் வேன்காரருக்குப் போன் செய்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் மையத்துக்குப் போனார். "கோப்பை பிரமாதமா வந்திருக்கும்மா. இன்னொண்ணு பண்ணலாம்னு வந்தேன்" என்றார். உண்மை தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளவே இல்லை. ஜெசிந்தாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

ஒருத்தி அவருக்காக மறைத்தாள். ஒருத்தி வாக்கை மீறிச் சொன்னாள். அவரோ தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்தார். நீங்களே சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வேதவல்லி. ஜெசிந்தாவுக்கு அவர்மேல் இருந்த அக்கறை நிஜம்தான். ஆனால் அவர் தாங்கமாட்டார் என்று அவளாகவே முடிவு செய்தாள். கூடவே தன் அவசரத்தையும் மறைத்துக்கொண்டாள். வேதவல்லி வாக்கைக் காப்பாற்றியிருந்தால், பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கையை நம்பி வேனில் ஏறியிருப்பார்கள். தணிகாசலத்தைத்தான் நம்மில் பலருக்கும் பிடிக்கும். ஆனால் அவர் வாய் திறக்காததால், தான் செய்தது பலித்துவிட்டது என்றே ஜெசிந்தா நம்பிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் வேறொருவர் செய்த கிண்ணம் சூளையில் உடைந்தது. யாரும் பார்ப்பதற்குள் அவள் கொஞ்சம் மண்ணை எடுத்துக்கொண்டு சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.