வராதவள் உட்கார்ந்த நாற்காலி

பாலிடெக்னிக்கில் சேர்ந்து இருபது நாளாகியும் பூவிழிக்குக் கம்ப்யூட்டர் லாகின் கிடைக்கவில்லை. லாகின் செய்தால்தான் லேபில் வருகை பதிவாகும்.

"இருபது நாளும் நீ ஆப்சென்ட். பரீட்சை எழுத முடியாது" என்றார் லேப் பொறுப்பாளர் சதாசிவம்.

"தினமும் உங்க முன்னாடிதானே சார் உட்கார்ந்திருக்கேன்?"

"கம்ப்யூட்டர் நீ வரலைன்னு சொல்லுதே!"

"அப்போ லாகின் கொடுங்க சார்."

"வருகை இல்லாதவங்களுக்கு லாகின் கிடையாது."

பூவிழி நேராகப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு!"

"யாரைச் சொல்றீங்க சார்? நான்தான் வரலையே."

கோபத்தில் அவர் பிரின்சிபாலுக்குப் புகார் எழுதினார்: 'இன்று லேபில் பூவிழி என் நாற்காலியில் அமர்ந்தாள்.'

"கையெழுத்தும் போடுங்க சார். நான் வந்ததுக்கு அது ஒண்ணுதான் சாட்சி."

பேனா அப்படியே நின்றது. அவள் வந்தாளா வரவில்லையா என்று அவருக்கே குழம்பிப்போனது. நின்றபடியே குனிந்து அவளுக்கு லாகின் உருவாக்கி, இருபது நாள் வருகையையும் போட்டுக் கொடுத்தார்.