வேலி தாண்டிய சண்டைச் சேவல்

பண்ணையார் செங்கோடரின் சண்டைச் சேவல் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக் கூலிக்காரி பாவாயியின் வாசலுக்குப் போனது. அவளுடைய நாய் அதைக் கடித்துக் கொன்றுவிட்டது.

பண்ணையார் செத்த சேவலோடு ஊர்க் கூட்டத்துக்கு வந்தார். "அந்த நாயை இங்கேயே அடிச்சுக் கொல்லணும்" என்றார்.

நாயோடு வந்து நின்ற பாவாயி மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க பண்ணாடி, நாயைப் பாத்து உங்க சேவல் ஓடியிருக்குமுங்களா?"

பண்ணையார் மீசையைத் தடவினார். "எஞ்சேவலா ஓடும்? எதிர்த்து நின்னு சண்டை போட்டுத்தான் செத்திருக்கும்."

"சண்டையில தோத்த சேவல் ஜெயிச்சவங்களுக்குன்னு சேவற்கட்டுல நீங்கதானுங்களே வருசா வருசம் தீர்ப்புச் சொல்றீங்க?"

கூட்டம் சிரித்தது. சேவல் பயந்து ஓடியது என்று சொல்லப் பண்ணையாருக்கு வாய் வரவில்லை.

பாவாயி அவர் கையிலிருந்து சேவலை வாங்கிக்கொண்டாள். நாய் முன்னால் ஓட, தலைநிமிர்ந்து வீட்டுக்கு நடந்தாள்.