உடும்பும் வருகைக் கணக்கும்

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. மழைக்காலத்தில் அது யானையையே இழுத்துக்கொண்டு போகும். கோடை வந்துவிட்டால் பெயருக்குத்தான் ஆறு. மணலும் கல்லும் தவிர வேறொன்றும் இருக்காது. மணலுக்கு அடியில் நீர் எங்கோ நகர்ந்துகொண்டிருக்கும். இன்றைக்கு ஓரிடத்தில் கசியும், நாளைக்கு வேறோர் இடத்தில் கசியும். எங்கே என்று தெரிந்தவர்கள் கோடையைத் தாண்டினார்கள்.

அந்தக் காட்டில் இணையமும் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. காட்டோரத்தில் யாரோ ஒரு கோபுரம் நட்டார்கள், வந்துவிட்டது. முதல் மழைக்குக் காளான் முளைத்த மாதிரி விலங்குகள் ஆளுக்கொரு வலைத்தளம் தொடங்கின. மயில் தன் தோகையைப் படம் பிடித்துப் போட்டது. மறுநாளும் அதே தோகையைப் போட்டது. குரங்குகள் ஒன்றின் வாலை மற்றொன்று இழுத்து, இரண்டும் கிளையிலிருந்து விழுவதைப் போட்டன. அங்கெல்லாம் எந்நேரமும் கூட்டம்.

உடும்பும் ஒரு தளம் வைத்திருந்தது. அதன் பெயர் ‘இன்று நீர் எங்கே’.

உடும்புக்கு ஒரே ஒரு குணம். பிடித்ததை விடாது. விடிந்ததும் அது ஆற்றோடு நடக்கும். மணலைக் கீறி ஈரம் பார்க்கும். கரையில் யார் யாருடைய தடம் இருக்கிறது என்று பார்க்கும். பிறகு வளைக்குத் திரும்பி எழுதும்: ‘மூங்கில் வளைவில் ஊற்று. குளம்பு நனையும் அளவு. சிறுத்தைத் தடம் பழையது. குடிக்கலாம்.’ இன்னொரு நாள்: ‘நாவல் மரத்தடியில் நீர் இருக்கிறது. புதுத் தடமும் இருக்கிறது. போக வேண்டாம்.’

அவ்வளவுதான். படம் இல்லை, பாட்டு இல்லை.

பக்கத்தின் அடியில் ஒரு சிறு கட்டம். அன்று எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று அதில் தெரியும். பெரும்பாலும் ஏழு. சில நாள் ஆறு. அதில் ஒன்று உடும்புதான், எழுத்துப் பிழை பார்க்கப் போய் வந்தது.

நெடுநாள்வரை உடும்பு அந்தக் கட்டத்தைக் கவனிக்கவில்லை. ஒருநாள் கவனித்தது. அதற்குப் பிறகு விட முடியவில்லை. எழுந்ததும் பார்த்தது. சாப்பிடும்போது பார்த்தது. பார்த்தால் கூடுமா என்ன? ஏழு ஏழாகவே இருந்தது.

“என்ன அண்ணே, கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டுகிறீர்களா?” என்று மேலே ஒரு குரல் கேட்டது.

கிளையில் கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. எந்தப் பறவையின் குரலையும் அப்படியே எடுக்கும். கூட்டம் கூட்டுவது அதற்குக் கைவந்த கலை.

“ஈயாவது வந்தால் தேவலை, தம்பி,” என்றது உடும்பு. “கால் தேய நடக்கிறேன். யாருக்காக நடக்கிறேன் என்றே தெரியவில்லை.”

“சரக்கு நல்லதாக இருந்தால் போதுமா? கூவ வேண்டாமா? காட்டுச்சேவலைப் பாருங்கள். விடிந்தால் எல்லோருக்கும்தான் தெரியும். அதற்காக அது வாயை மூடிக்கொண்டா இருக்கிறது?”

“எனக்குக் கூவ வராது.”

“எனக்கு வரும்.” கரிச்சான் பருந்தைப் போல ஒரு கத்துக் கத்தியது. எதிர்மரத்து அணில் தலைதெறிக்க ஓடியது. “பார்த்தீர்களா? நான் சொல்கிறபடி செய்யுங்கள். மயில் வந்து உங்களிடம் வழி கேட்கும்.”

கரிச்சானுக்கு இதில் என்ன லாபம் என்று உடும்பு கேட்கவில்லை. கூட்டம் நடந்தால் புல்லிலிருந்து பூச்சி எழும்பும். பூச்சி எழும்பினால் கரிச்சானுக்கு இருந்த கிளையிலேயே சாப்பாடு.

“முதலில் நாலு இடம் போய் வாருங்கள். நாம் போனால்தானே நம் வீட்டுக்கு வருவார்கள்?”

உடும்பு மயிலின் பக்கத்துக்குப் போய், ‘தோகை அருமை’ என்று பின்னூட்டம் எழுதியது. ‘நன்றி. நேற்றையதையும் பாருங்கள்’ என்று மயில் பதில் போட்டது. உடும்பு போய்ப் பார்த்தது. அதே தோகை. ‘இதுவும் அருமை. என் பக்கத்துக்கும் வாருங்கள்’ என்று எழுதியது. எழுதும்போது நகம் கூசியது.

மயில் வரவில்லை.

குரங்குகளிடம் போனது. “உன் பக்கத்தில் எங்கள் லிங்கைப் போடு, எங்கள் பக்கத்தில் உன்னுடையதைப் போடுகிறோம்,” என்றன குரங்குகள். போட்டன. அதைப் பிடித்துக்கொண்டு சிலர் உடும்பின் தளத்துக்கு வந்தார்கள். ‘ஊற்று. குளம்பு நனையும் அளவு’ என்று படித்தார்கள். ‘இதில் யாரும் விழவே இல்லையே?’ என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனார்.

“தலைப்பு சரியில்லை, அண்ணே,” என்றது கரிச்சான். “இப்படிப் போடுங்கள்: ‘மூங்கில் வளைவில் நடந்தது என்ன? நீங்கள் நம்பவே மாட்டீர்கள்!’”

“அங்கே என்ன நடந்தது?”

“தண்ணீர் கசிந்தது.”

“அதை ஏன் நம்ப மாட்டார்கள்?”

“நம்புவார்கள். ஆனால் நம்பமாட்டோமா என்று பார்க்க வருவார்கள்.”

வந்தார்கள். எண் கொஞ்சம் ஏறியது. ஏறிய இடத்தில் நின்றுகொண்டது. பகலெல்லாம் தளம் தளமாகப் போய் ‘அருமை’, ‘அருமை’ என்று எழுதி, காலையில் மறுபடி மணலில் நடக்கையில் உடும்புக்கு நான்கு கால்களும் ஒன்றாக வலித்தன. விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் எதையும் விட்டுப் பழக்கமில்லை.

“ஒன்று மட்டும் பாக்கி,” என்றது கரிச்சான். “நீங்களே உங்களைப் புகழ்ந்தால் யார் கேட்பார்கள்? பயன்பெற்றவர் சொல்ல வேண்டும். ‘இங்கே பார்த்துத்தான் நான் தண்ணீர் குடிக்கிறேன்’ என்று வாசகர் யாராவது சொல்லட்டும். எங்கே குடிக்கிறார், எப்போது குடிக்கிறார், விவரம் வேண்டும். விவரம் இருந்தால்தான் உண்மை மாதிரி இருக்கும்.”

உடும்பு வாசகரைத் தேடிப் புறப்பட்டது. ஈச்சம்புதரில் ஒரு சருகுமான் அகப்பட்டது.

சருகுமானை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். முயலைவிடக் கொஞ்சம் பெரிது. கொம்பு கிடையாது. சருகில் படுத்தால் சருகோடு சருகாகிவிடும். பயம்தான் அதன் குணம். அந்தப் பயத்தால்தான் அது உயிரோடு இருந்தது. பக்கத்தில் அதன் குட்டி, காலை மடக்கி, அம்மாவைப் போலவே அசையாமல் படுத்திருந்தது.

“உடும்பு அண்ணாவா!” என்றது சருகுமான். “தினமும் நீங்கள் எழுதுவதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்புகிறோம். இவன் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.”

உடும்புக்கு வால் நுனிவரை குளிர்ந்தது. “அப்படியா? ஒருநாளாவது ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே?”

“எழுதினால் நாங்கள் இருப்பது தெரிந்துவிடுமே.”

“தெரிந்தால் என்ன? நல்லதைத்தானே சொல்லப் போகிறாய்?”

“எனக்கு எழுத வராது, அண்ணா.”

“நான் எழுதிக்கொள்கிறேன். நீ சொன்னால் போதும். எங்கே குடிக்கிறாய், எப்போது?”

சருகுமான் குட்டியைப் பார்த்தது. பிறகு உடும்பின் கால்களைப் பார்த்தது. நகங்களெல்லாம் மழுங்கிப் போயிருந்தன.

“இத்தனை நாள் எங்களுக்காக நடந்திருக்கிறீர்கள். கேட்டு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை,” என்றது. சொன்னது.

“அம்மா, என் பேரும் வருமா?” என்றது குட்டி.

“வரும்,” என்றது உடும்பு.

அன்று பக்கத்தின் உச்சியில், குட்டியின் படத்தோடு, இப்படி வந்தது: ‘நானும் என் குட்டி பொட்டுவும் இப்போதெல்லாம் தினமும் உச்சிவெயிலில், சிறுத்தை உறங்கும் நேரத்தில், மூங்கில் வளைவு ஊற்றில் நிம்மதியாகக் குடிக்கிறோம். எல்லாம் இந்தத் தளத்தின் புண்ணியம். இப்படிக்கு, ஈச்சம்புதர் சருகுமான்.’

எண் ஏறத் தொடங்கியது. காட்டுப்பன்றிகள் வந்தன. குயில் வந்தது. கடைசியில் மயிலே வந்தது. பின்னூட்டங்கள் குவிந்தன. அவற்றில் ஒன்று:

‘மிகவும் பயனுள்ள தளம், ஐயா. விவரங்கள் துல்லியமாக இருக்கின்றன. தொடர்ந்து எழுதுங்கள். மேற்குப் பாறையிலிருந்து ஒரு வாசகர்.’

“மேற்குப் பாறையா? பெரிய இடமாக இருக்கிறதே!” என்றது கரிச்சான்.

உடும்பு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. எத்தனை காலமாகத் தடம் பார்த்து, ஈரம் பார்த்து எழுதுகிறது. துல்லியம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. மேற்குப் பாறையில் யார் குடியிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாதது இல்லை. அந்தத் தடத்தைத்தானே அது தினமும் தேடியது. ஆனால் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. ‘நன்றி ஐயா. அடிக்கடி வாருங்கள்’ என்று பதில் எழுதியது.

உச்சிவெயிலில் சிறுத்தை உறங்கும் என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் அது உறங்கவில்லை.

உடும்பு தன் வளைக்குள் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எண் நகர்ந்தது; நின்றது; திடீரென்று துள்ளியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூறைத் தாண்டியது.

கரிச்சான் மூச்சிரைக்க வந்து இறங்கியது. “அண்ணே! நூறு! எல்லோரும் மூங்கில் வளைவு எங்கே, மூங்கில் வளைவு எங்கே என்று நம் பக்கத்துக்குத்தான் வருகிறார்கள்!”

“ஏன்?”

“அங்கே சிறுத்தை வந்து மூங்கிலுக்குள் படுத்திருந்திருக்கிறது. தாய் தாண்டிவிட்டது. குட்டியால் முடியவில்லை. குரங்குகள் மரத்திலிருந்து எல்லாவற்றையும் படம் பிடித்திருக்கின்றன. கேட்டால் தரும். சூடு ஆறுவதற்குள் எழுதுங்கள், அண்ணே!”

உடும்பு தன் பக்கத்தைத் திறந்தது. சருகுமான் சொன்னதை எடுத்துவிட்டது. நகத்தை ஒருமுறை வைத்தால் போதுமாக இருந்தது. எடுத்த பிறகும் எண் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அது செல்போனை வளையிலேயே போட்டுவிட்டு ஈச்சம்புதருக்கு நடந்தது.

சருகுமான் படுத்திருந்தது. பக்கத்தில் சருகு, சின்னதாக ஒரு குழி விழுந்து கிடந்தது.

“எடுத்துவிட்டேன்,” என்றது உடும்பு.

“எதை?”

காற்று வீசி, குழியில் நாலு இலை விழுந்தது.

“நீங்கள் பொய் எழுதவில்லை, அண்ணா,” என்றது சருகுமான். “ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் அது சரியாக வந்தது.”

அது மெல்லத் தலையைத் தூக்கியது. “தாகமாக இருக்கிறது. இனி நான் எங்கே போய்க் குடிப்பது?”

உடும்பு யோசித்தது. மூங்கில் வளைவு. நாவல் மரத்தடி. இரட்டைப் பாறை. தனக்குத் தெரிந்த ஊற்றையெல்லாம் எழுதியாயிற்று. பக்கத்திலிருந்து எடுத்துவிடலாம். படித்தவரின் தலையிலிருந்து எப்படி எடுப்பது?

“வா,” என்றது.

இரண்டும் ஆற்றின் மேல்பக்கமாக, உடும்பு ஒருநாளும் போகாத பக்கமாக, நடந்தன. கொஞ்ச தூரம் கரிச்சான் கிளைக்குக் கிளை தாவி வந்தது.

“எங்கே, அண்ணே? கூட்டம் காத்துக்கொண்டிருக்கிறது. என்ன சொல்லட்டும்?”

“எனக்கே தெரியாது,” என்றது உடும்பு. உண்மைதான்.

“இப்படி விட்டால் இருப்பவர்களும் போய்விடுவார்கள்!”

“போகட்டும்.”

கரிச்சான் இன்னும் கொஞ்சம் பார்த்தது. இரண்டு பேர் நடந்தால் ஒரு பூச்சிகூட எழும்பவில்லை. குரங்குகள் இருந்த பக்கம் பறந்துவிட்டது.

உடும்பு தோண்டியது. ஓரிடத்தில் வெறும் மணல். இன்னோர் இடத்தில் பாறை தட்டியது. நகம் ஒன்று பெயர்ந்தது. வெயில் சாய்கிற நேரத்தில், ஆற்றோரத்து வேர் ஒன்றின் கீழே, மணல் கொஞ்சம் கறுத்தது. பிறகு மினுங்கியது. பிறகு ஒரு கை நீர் நின்றது.

“குடி,” என்றது உடும்பு.

சருகுமான் ஒரு வாய் குடித்தது. தலையைத் தூக்கிக் காது கொடுத்தது. இன்னொரு வாய் குடித்தது. அது குடித்து முடிக்கிறவரை உடும்பு நீருக்கு முதுகைக் காட்டி, மேற்கே பார்த்து நின்றது.

“நாளைக்கும் இங்கே இருக்குமா?” என்றது சருகுமான்.

“தெரியாது. விடிந்ததும் பார்த்துவிட்டுப் புதருக்கு வந்து சொல்கிறேன்.”

“எழுதிவிடாதீர்கள், அண்ணா.”

“இல்லை,” என்றது உடும்பு.

நீதி: எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுமுன், வந்தவர் யார் என்று கேள்.