செங்குளத்தின் முதல் குடம்

எண்ணத் தெரிந்தவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். தெரியாதவர்களும் வரலாம், விரல் இருந்தால் போதும்.

செங்குளத்தில் கோடைதோறும் முதல் குடம் மொள்ளும் உரிமை, குளத்தை வெட்டியவர்களின் வம்சத்துக்கே. வெட்டியது யார் என்பதில்தான் சண்டை. உழவர் தலைவன் திருமேனியும் வணிகர் தலைவன் சாத்தப்பனும் மாறி மாறி உரிமை பேசினார்கள். படகுக்காரி முத்துப்பேச்சியின் ஆட்களோ கடைசியில் நின்று சேற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடித்தார்கள். பொறுத்தது போதும் என்று அந்த ஆண்டு அவளும் வழக்குக்கு வந்துவிட்டாள்.

"கடல்ல கெடக்கிறவங்களுக்குக் குளம் எதுக்கு?" என்று சிரித்தான் சாத்தப்பன்.

"உப்புத் தண்ணி நடுவுல கெடக்கிறவளுக்குத்தான்யா நல்ல தண்ணியோட அருமை தெரியும்!" என்றாள் அவள்.

சிற்றரசி இளவேனி கரையிலிருந்த பழைய கல்லைப் படிக்கச் சொன்னார். 'வெட்ட ஒருவர், அள்ள ஒருவர், சுமக்க ஒருவர் என மும்மூவராய் உழைத்தோம். சும்மா நின்றவர் எவருமில்லை. முடிந்ததும் எல்லோரும் சதுரமாய் நின்று தண்ணீரை வணங்கினோம்' என்றிருந்தது. ஆட்களின் தொகை மட்டும் கோடுகளில்: ஒன்று, இரண்டு, ஒன்று. அதாவது ஒரு பெருங்கட்டு, இரண்டு கட்டு, ஓர் உதிரி.

கட்டு என்றால் எத்தனை பேர்? உழவருக்கு விரல் பத்து. பத்துப் பேர் ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பெருங்கட்டு. வணிகர் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுவார்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு பேர் ஒரு கட்டு, பன்னிரண்டு கட்டு ஒரு பெருங்கட்டு. படகுக்காரர் கட்டைவிரல்களில் கயிற்றை மாட்டிக்கொண்டே எண்ணிப் பழகியவர்கள். மீதி விரல் எட்டு. எட்டுப் பேர் ஒரு கட்டு, எட்டுக் கட்டு ஒரு பெருங்கட்டு.

"யார் கணக்குப்படி ஆட்கள் குறையாமல் மிஞ்சாமல் சதுரமாக நிற்கிறார்களோ, முதல் குடம் அவர்களுக்கே" என்று அரசி வாக்குக் கொடுத்தார். அவசரப்பட்டுவிட்டார், பாவம்.

உழவர் நூற்றிருபத்தொரு பேர், பதினொன்றுக்குப் பதினொன்றாக நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். வணிகர் நூற்று அறுபத்தொன்பது பேர், பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. படகுக்காரர் எண்பத்தொரு பேர், ஒன்பதுக்கு ஒன்பது. மூன்று சதுரமும் இம்மி பிசகவில்லை! இருப்பதோ ஒரே முதல் குடம். அரசி திருதிருவென்று விழித்தார்.

"தாயே, சதுரமா நிக்கிறது யாராலும் ஆகும். வேலைக்கு நிக்கச் சொல்லிப் பாருங்க" என்றாள் முத்துப்பேச்சி.

சொல்லுங்கள் பார்க்கலாம், செங்குளத்தை வெட்டியது யாருடைய முன்னோர்?

விடை: ஒன்று, இரண்டு, ஒன்று என்று எழுதிய எண்ணை எந்தக் கட்டில் எண்ணினாலும் சதுரம்தான். கட்டோடு ஒன்றைக் கூட்டி, அதை அதனாலேயே பெருக்கினால் வரும் தொகை அது. ஆகவே சதுரம் சாட்சியாகாது. மும்மூவராய் உழைத்ததுதான் சாட்சி. அரசி எல்லோரையும் அப்படியே வேலைக்கு நிற்கச் சொன்னார். உழவரில் நாற்பது குழு போக ஒருவர் மிச்சம், வணிகரில் ஐம்பத்தாறு குழு போக ஒருவர் மிச்சம். கைவீசி நின்ற அந்த இருவர் வேறு யார், தலைவர்கள்தான்! "நாங்க மேற்பார்வை" என்றார்கள். சும்மா நின்றவர் எவருமில்லை என்கிறதே கல்! படகுக்காரர் மட்டும் மிச்சமின்றி இருபத்தேழு குழு. அதில் ஒரு குழுவில் மண் சுமக்கும் ஆளாக முத்துப்பேச்சியே நின்றிருந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, அதே சும்மாட்டின்மேல் முதல் குடத்தை ஏற்றிக்கொண்டாள்.